சனிக்கிழமை ஐந்து மணிக்கு சுந்தரம் பேசுகிறார்

செத்துப்போய்ப் பத்து மாதமான மனுஷர் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு கிளப் ஹாலில் பேசப்போகிறார் என்று வியாழக்கிழமை எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது. முதலில் பார்த்தது நான்தான். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. எங்கள் பால்கனிக்கு நேர் கீழே போர்டு. வாட்ச்மேன் ஹரிபதா பசை டப்பாவோடு வந்து கடைசி மூலையை அழுத்துவதற்குள் நான் படி இறங்கியிருப்பேன்.

வங்காளத்தில், டாக்குரியா ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் எங்கள் பல்கலைக்கழகக் குவார்ட்டர்ஸ். நாலு பிளாக், ஒரு கிளப், ஒரு சின்ன சர்ச். வாரம் முழுக்க என்ன நடக்கப்போகிறது என்பதை ஒரே தாளில் அடித்து வியாழக்கிழமை ஒட்டிவிடுவார்கள். எல்லோரும் அதை ஷீட் என்போம். திங்கள் ஹோமியோபதி ஆலோசனை. செவ்வாய் குவிஸ். புதன்கிழமை எறும்புகளின் குடும்ப வாழ்க்கை பற்றி யாராவது பேசுவார்கள். எறும்பு வருஷா வருஷம் வரும். வியாழன் தமிழ்ச் சங்கக் கமிட்டி, அதாவது மூன்று பேரும் ஒரு தட்டு முறுக்கும். ஞாயிறு காலை எட்டுக்கு இங்கிலீஷ் ஆராதனை, பத்துக்கு வங்காளம், மாலை நாலுக்குத் தமிழ்.

ஷீட்டைத் தயார் செய்பவர் கிளப் செயலாளர் வீரராகவன். டெபுடி ரெஜிஸ்ட்ரார் வேலையை அவர் எப்படிப் பார்க்கிறாரோ எனக்குத் தெரியாது, ஷீட்டை மட்டும் சிம்மாசனம் மாதிரி வைத்திருந்தார். ஒரு தடவை யோகா குரூப்பும் கேரம் குரூப்பும் ஹாலுக்காக அடித்துக்கொண்டதும், ஒரு விதி எழுதி, கையெழுத்துப் போட்டு, ஹரிபதாவின் கூண்டில் ஒட்டவைத்தார். ஷீட்டில் இருப்பவருக்குத்தான் ஹால் சாவி. ஒட்டிய பிறகு மாற்றம் கிடையாது.

அந்த ஷீட்டை அவர் எப்படித் தயாரிக்கிறார் என்பதும் ஊரறிந்த ரகசியம். போன வருஷத்து அதே வாரத்தை எடுப்பார், தேதியை மாற்றுவார், புதிதாக ஏதாவது இருந்தால் நுழைப்பார், அவ்வளவுதான். எறும்பு வருஷா வருஷம் வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இந்தத் தடவை சனிக்கிழமை வரியில் தேதி மட்டும் மாறியிருந்தது. 'மாலை 5 முதல் 6.30 வரை. நம் வளாகத்தில் மழைநீர் ஏன் நிற்கிறது? உரை: பேராசிரியர் சுந்தரம்.'

பார்த்துவிட்டு சும்மா இருந்துவிட முடியுமா? போனில் படம் பிடித்துக்கொண்டு நேரே பி பிளாக் இரண்டாவது மாடிக்கு ஓடினேன்.

ஷியாமளாக்கா அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுந்தரம் சாரின் மனைவி. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய அவளுக்குக் கொடுத்திருந்த கெடு முடிந்து, வருகிற திங்கட்கிழமை புனேயில் மகள் மஹிமா வீட்டுக்குப் போகிறாள். போவதற்குள் அவளுக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது, அதை நாங்கள் யாரும் கொடுக்கவில்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வளாகத்தில் யாராவது தவறினால் பதினைந்து நாளுக்குள் கிளப் ஹாலில் ஸ்மரண சபா நடத்துவார்கள். போட்டோவுக்கு மாலை, இரண்டு பக்கமும் ரஜனிகந்தா பூ, ஒரு பாட்டு, நாலு பேர் நாலு வார்த்தை, இரண்டு நிமிஷம் மௌனம், வெளியே வரும்போது கையில் சிங்காரா என்று இவர்கள் சொல்லும் சமோசா ஒன்றும் சந்தேஷ் ஸ்வீட்டும். பூச்சியியல் பேராசிரியரின் மாமனாருக்குக்கூட நடந்தது. அந்த மனுஷர் இந்த வளாகத்தில் தங்கியது மொத்தமே பதினோரு நாள். இருபத்தாறு வருஷம் இங்கே இருந்த சுந்தரம் சாருக்கு நடக்கவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டோம். சி பிளாக்குக்குப் பின்னால் ஒரு பழைய வாய்க்கால் இருந்தது. மழைத்தண்ணீர் அதன் வழியாகப் பின்பக்கத்து ஏரிக்குப் போய்விடும். வீரராகவன் செயலாளரானதும் அதை மூடி, மேலே சிமெண்ட் போட்டு பேட்மிண்டன் கோர்ட் கட்டினார். திறப்பு விழாவில் என் வீட்டுக்காரரும் மட்டையோடு போட்டோவுக்கு நின்றார். அதற்கடுத்த மழையிலிருந்து சி பிளாக் கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீர். சுந்தரம் சார் மண்ணியல் துறை. போன ஆகஸ்டில், இதே ஹாலில், படம் போட்டு, கோடு கிழித்து, இன்ன இடத்தில் வாய்க்கால் இருந்தது, இன்ன இடத்தில் கோர்ட் இருக்கிறது என்று காட்டினார். முன் வரிசையிலிருந்த வீரராகவன் பாதியில் எழுந்து போனார். அக்டோபரில், லட்சுமி பூஜைக்கு மறுநாள், பால் வாங்கப் போன இடத்தில் சார் மாரடைப்பில் விழுந்தார். வீரராகவன் சுடுகாட்டுக்கு வந்தார். ஸ்மரண சபாவுக்கு மட்டும் ஷீட்டில் இடமே வரவில்லை.

போனை நீட்டினேன். ஷியாமளாக்கா பார்த்தாள். படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தாள். கையிலிருந்த பித்தளை டம்ளரைச் செய்தித்தாளில் சுற்றி முடித்து, பெட்டியில் வைத்து, கை கழுவிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"அக்கா, எங்கே?"

"வர்றதுன்னா வா பூர்ணிமா. எப்படியும் பின்னாடியே வருவே."

வீரராகவன் பனியனோடு கதவைத் திறந்தார்.

"வாங்க ஷியாமளா மேடம். பேக்கிங்கெல்லாம் முடிஞ்சுதா?"

"சனிக்கிழமை இவர் பேசறாராமே சார்?"

அவருக்குப் புரியவில்லை. நான் போனைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். முகம் வேர்த்தது.

"ஐயையோ. போன வருஷத்து ஃபைல்... டெல்லிலேர்ந்து திருவேங்கடம் சார் வரார் இல்லையா, அந்த அலைச்சல்ல விட்டுப்போச்சு. சனிக்கிழமை அஞ்சு மணி அவரோடதும்மா. நேரத்தை நிர்வகிப்பது எப்படின்னு பேசறார். இது வெறும் கிளரிக்கல் மிஸ்டேக். நாளைக்குக் காலைல வேற ஒட்டிடறேன்."

"வேண்டாம்."

"என்னது?"

"நவம்பர்ல வந்து கேட்டேன், இந்த வாரம் இடமில்லைன்னீங்க. டிசம்பர்ல கேட்டேன், கிறிஸ்துமஸ்னீங்க. சரஸ்வதி பூஜை முடிஞ்சு கேட்டேன், பரீட்சைன்னீங்க. ஏப்ரல்ல கேட்டப்போ, இவ்வளவு நாள் கழிச்சு எதுக்கும்மான்னீங்க. அந்த வாரம் ஷீட்ல நாய்க்குத் தடுப்பூசி இருந்தது சார். நாய்க்கு ஒன்றரை மணி நேரம்."

"அது பொது சுகாதாரம்மா..."

"இப்போ நீங்களே போட்டிருக்கீங்க. அஞ்சுலேர்ந்து ஆறரை. ஒட்டினதுக்கு அப்புறம் மாத்தம் கிடையாது. உங்க கையெழுத்து."

"அந்த ரூல் உயிரோட இருக்கறவங்களுக்கும்மா!"

அவர் சொல்ல நினைத்திருக்க மாட்டார். வாயிலிருந்து வந்துவிட்டது. உள்ளே டிவி சத்தம் சட்டென்று நின்றது. அவர் மனைவிக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"அப்படின்னு அதுல எழுதலையே," என்றாள் ஷியாமளாக்கா. குரலை உயர்த்தவே இல்லை. கணக்கு வாத்தியார்களின் கோபம் அப்படித்தான் இருக்கும் போல.

படி இறங்கினோம். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "எப்பேர்ப்பட்ட மனுஷன்கா இவன்!" என்றேன்.

"நீ மட்டும் என்ன? ஜனவரில என் வீட்டு சோபாவில உட்கார்ந்து காபி குடிச்சுட்டு என்ன சொன்னே? விடுங்கக்கா, போட்டோவுக்கு மாலை போட்டா என்ன, போடாட்டி என்னன்னே. உன் வீட்டுக்காரர் பேட்மிண்டன் ஆடணும். அதானே?"

மீதிப் படிகளை நான் அவளுக்கு முன்னால் இறங்கினேன். அபூர்வம்தான்.

வெள்ளிக்கிழமை காலை வீரராகவன் புது ஷீட்டோடு போர்டுக்கு வந்தார். பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஒரே துண்டை நாலு தடவை உலர்த்தினேன்.

"ஹரிபதா, பழசைக் கிழி. இதை ஒட்டு."

ஹரிபதா பசை டப்பாவைத் தொடவில்லை. சி பிளாக் கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அறையில்தான் அவன் குடும்பம் இருக்கிறது. மழை பெய்தால் கட்டிலை நாலு செங்கல் மேல் ஏற்றுவார்கள்.

"பாபு, போன மாசம் கேரம்காரங்க இதே மாதிரி புதுத் தாள் கொண்டு வந்தாங்க. நான் ஒட்டிட்டேன். நீங்க எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டினீங்க. ஒட்டினது ஒட்டினதுதான்னு சொன்னீங்க."

"அது வேற, இது வேற."

"எழுதிக் கொடுங்க பாபு, ரூலை மாத்திட்டேன்னு. கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. ஒட்டிடறேன்."

அதற்குள் நடைக்குப் போய்த் திரும்பிய ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். செத்துப்போனவரின் பெயரை எடுப்பதற்காக விதியை மாற்றினேன் என்று அத்தனை பேர் பார்க்க எழுதிக்கொடுக்க வீரராகவனுக்குத் தைரியம் வரவில்லை. புது ஷீட்டைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போனார். விட்டுவிட்டார் என்று நான் நினைத்தேன். எனக்கு அவரை முழுசாகத் தெரிந்திருக்கவில்லை.

சாயங்காலம் பாஸ்டர் உத்தமன் ஷியாமளாக்கா வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை நடத்துபவர், நாசரேத் பக்கத்துக்காரர். நான் பெட்டி ஒட்டும் டேப் கொடுக்க அங்கே போயிருந்தேன். சரி, டேப்பைக் கொடுத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"ஒண்ணும் மறைக்காம சொல்லிடுதேன்மா," என்றார் பாஸ்டர். "வீரராகவன் சார் வந்தாரு. ஞாயித்துக்கிழமை நாலு மணி ஆராதனை முடிஞ்சதும் சர்ச் பின்கட்டு ரூம்ல நீங்க ஸ்மரண சபா வச்சுக்கலாமான்னு கேட்டாரு. பூ, டிபன் எல்லாம் கிளப் பொறுப்பாம். எனக்கு மனசார சம்மதம். ஆனா அவரு எதுக்குக் கேக்காருன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

"பின்கட்டு ரூம்ல எத்தனை பேர் உட்காரலாம் பாஸ்டர்?"

"நெருக்கி உக்காந்தா பதினஞ்சு."

ஷியாமளாக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் டீ வடிகட்டியைக் கீழே போட்டேன்.

"போன அக்டோபர்லயே உங்க சபையில இவருக்காக ஜெபம் பண்ணினீங்கன்னு தெரியும். இவர் சர்ச் வாசலை மிதிச்சதே உங்க சுவர்ல ஏன் ஈரம் ஏறுதுன்னு பார்க்கத்தான். அதுக்கே நீங்க எழுந்து நின்னீங்க. அந்த நன்றி எனக்கு இருக்கு. ஆனா கிளப் பண்ணின அசிங்கத்தை சர்ச் எதுக்குத் துடைக்கணும்?"

பாஸ்டர் டீயைக் குடித்து முடித்தார். "சரிதாம்மா. அப்போ சனிக்கிழமை நானும் ஹாலுக்கு வாரேன். போட்டோவுக்கு ஒரு மாலை கொண்டு வரட்டா?"

"மாலை வேண்டாம். போட்டோவும் வைக்கப்போறதில்லை. பத்து மாசமா அதைக் கேட்டுத்தான் வாசல் வாசலா நின்னேன். இனிமே கேக்கறதா இல்லை. ஷீட்ல என்ன போட்டிருக்கோ அதுதான் நடக்கும்."

"உரையா? யாரு பேசுவா?"

ஷியாமளாக்கா ஒட்டி முடித்த பெட்டி ஒன்றைக் கத்தியால் கிழித்து சாரின் லேப்டாப்பை வெளியே எடுத்தாள். "இவர் எந்தப் பேச்சையும் முதல்ல சாப்பாட்டு மேஜையில என்கிட்ட பேசிக் காட்டாம வெளியே பேசினதே இல்லை," என்றாள் அப்புறம். "படத்துல கோணம் தப்புன்னு மூணு தடவை திருத்தினதே நான்தான்."

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து மழை கொட்டியது. நாலரைக்கு நான் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கிளம்பினேன். சி பிளாக் முன்னால் தண்ணீர் முழங்காலுக்கு மேல். அதில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் யாருடையதோ ஒற்றைச் செருப்பும் மிதந்தன. என்னைப் போல விஷயம் தெரிந்தவர்கள் வளாகத்தில் நிறையப் பேர் போலும். ஹால் நிரம்பி வழிந்தது. எறும்புப் பேச்சுக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள்.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வீரராகவன் டெல்லி விருந்தாளியை அழைத்துக்கொண்டு நுழைந்தார். திருவேங்கடம் ஏதோ ஆணையத்தில் உறுப்பினராக இருந்து ஓய்வு பெற்றவர். பேன்ட் முட்டிவரை சுருட்டியிருந்தது, ஷூ கையில் இருந்தது. வீரராகவனின் ரிடையர்மெண்டுக்கு அப்புறம் ஏதாவது ஒரு நாற்காலி இவர் மூலம் வரும் என்று பேச்சு. அதைப் பேசியவர்களில் நானும் உண்டு.

"ஷியாமளா மேடம்," வீரராகவன் மேடைக்கு அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினார். நான் இரண்டாவது வரிசையில் ஓர நாற்காலி பிடித்திருந்ததற்குக் காரணம் அதுதான். "சார் பதினஞ்சே நிமிஷம் பேசிடட்டும். அப்புறம் முழுக்க உங்களோடது."

"சாருக்கு நாற்காலி போட்டிருக்கு. உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்க."

"பெரிய மனுஷர்மா."

"இவர் சின்ன மனுஷரா?"

வீரராகவன் திரும்பிப் பார்த்தார். அத்தனை முகமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. முன் வரிசையில் திருவேங்கடத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

ஷியாமளாக்கா மைக்கைத் தட்டினாள். "வணக்கம், நமஸ்கார். ஷீட்ல பேராசிரியர் சுந்தரம் பேசுவார்னு போட்டிருக்கு. அவர் வர முடியாது. அவர் எழுதி வச்சதை நான் சொல்றேன்," என்று இங்கிலீஷிலும் ஒரு தடவை சொல்லிவிட்டு, முதல் படத்தைப் போட்டாள்.

அழுவாள் என்று நாங்கள் எல்லோரும் கைக்குட்டையோடு வந்திருந்தோம். அவள் வகுப்பு எடுத்தாள். ஏரி இங்கே, வாய்க்கால் இங்கே, சரிவு இத்தனை. மூடிய பிறகு தண்ணீருக்குப் போக ஒரே வழிதான், அது சி பிளாக் கீழ்த்தளம். போன வருஷம் ஐந்து தடவை புகுந்தது, இந்த வருஷம் இதுவரை எட்டு, அதை எண்ணியது அவளே. ஒவ்வொரு தேதியையும் படித்தாள். கடைசித் தேதிக்கு வந்ததும் ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள். "இன்னிக்கு." பின்னால் நின்றிருந்த ஹரிபதாவின் மனைவி நனைந்த புடவை நுனியைப் பிழிந்துகொண்டே தலையை ஆட்டினாள்.

போன வருஷம் இதே படங்களைப் பார்த்து, கிழவருக்குச் சாக்கடை மேல் காதல் என்று என் பக்கத்து நாற்காலியில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது. இன்றைக்கும் பக்கத்தில் அவள்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பேச்சு முடிந்ததும் ஷியாமளாக்கா, "கேள்வி இருந்தால் கேட்கலாம்," என்றாள். யார் கேட்பார்கள்? எங்கள் எல்லோர் வாயிலும் கொழுக்கட்டை. கை தூக்கியது திருவேங்கடம். பாவம், அவருக்கு இந்த ஊர் அரசியல் ஒன்றும் தெரியாது. ஈர சாக்ஸ் மட்டும் தெரியும்.

"ரொம்பத் தெளிவா இருந்ததும்மா. ஒரே ஒரு சந்தேகம். இத்தனை விவரம் கையில இருக்கும்போது, அந்த வாய்க்காலை மூடச் சொன்னது யாரு?"

ஷியாமளாக்கா வீரராகவனைப் பார்த்தாள்.

வீரராகவன் எழுந்தார். கையைக் குவித்தார். அந்தக் குரலை அவர் எங்கே வைத்திருந்தாரோ, தேனாக வந்தது. "நண்பர்களே, இது உணர்ச்சிமயமான ஒரு மாலை. நம் அன்புக்குரிய சுந்தரம் சார் இன்று நம்மிடையே இல்லை. அந்த மாமனிதரின் நினைவாக நாம் எல்லோரும் எழுந்து நின்று இரண்டு நிமிஷம் மௌனம் அனுசரிப்போம்."

பழக்கம் எவ்வளவு பொல்லாதது பாருங்கள். பாதி ஹால் எழுந்துவிட்டது. நானும் எழுந்துவிட்டேன். நாற்காலிகள் நகரும் சத்தத்தில் கேள்வி எங்கேயோ அடியில் போய்விட்டது. வீரராகவன் கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டார். பத்து மாதமாக அவள் கேட்டது அதுதான், அதைத்தான் கொடுத்தார்.

"உட்காருங்க," என்றாள் ஷியாமளாக்கா.

மைக்கில் சொன்னதால் சுவரெல்லாம் அதிர்ந்தது. மாலை முழுக்க முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது.

"பத்து மாசம் மௌனமாத்தான் இருந்தீங்க, எல்லாரும். எனக்கு அது போதும். இவருக்கும் போதும். உட்காருங்க!"

உட்கார்ந்தோம். எனக்கு முகம் எரிந்தது. வீரராகவன் மட்டும் நின்றுகொண்டிருந்தார், கண்ணைத் திறப்பதா வேண்டாமா என்று தெரியாமல்.

"சார் ஒரு கேள்வி கேட்டார்," என்றாள் அவள். "வாய்க்காலை மூடச் சொன்னது யாரு?"

"அது... கமிட்டி முடிவும்மா."

"கமிட்டில நானும் இருந்தேன்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். பார்த்தால் என் வீட்டுக்காரர். லைப்ரரியிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறார். "எங்ககிட்ட யாரும் கேட்கலை. சிமெண்ட் போட்ட அப்புறம்தான் கையெழுத்து வாங்கினீங்க. நாங்களும் போட்டோம்."

வீரராகவன் திருவேங்கடத்தைப் பார்த்தார். அவர் ஷூவுக்குள் இருந்த தண்ணீரைத் தரையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வீரராகவன் வாசலைப் பார்த்தார். அங்கே நின்றவர்கள் சி பிளாக்காரர்கள், யாரும் நகரவில்லை.

"நான்தான்," என்றார் வீரராகவன்.

"பின்னாடி கேட்கலை சார்," என்றாள் ஷியாமளாக்கா.

ஹரிபதா மேடைக்கு வந்து, ஷியாமளாக்காவின் கையிலிருந்து மைக்கை வாங்கி, ஒயரை இழுத்துக்கொண்டே இறங்கிப்போய், வீரராகவன் வாய்க்குக் கிட்டே பிடித்தான்.